பைக் ரயிலில், கட்டில் லாரியில்?

வாசகர் கேள்வி – பதில்

ஊர்விட்டு ஊர் வேலை மாறிச் செல்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஆறினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். வங்கிப் பணியில் ஏழு முறை மாற்றலாகி, ஏழு முறையும் வீட்டுச் சாமானைக் கட்டி அவிழ்த்தவன் என்ற ஒரே தகுதியில்தான் இவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

சென்னை வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: வேலை மாற்றலாகிப் புனேவுக்குப் போகிறேன். குறைந்தது மூன்றாண்டு அங்கேதான். நான்கு வருடம் ஓடிய 150 சி.சி. பைக், மாமனார் செய்து கொடுத்த தேக்குக் கட்டில், ஆறு பேர் சாப்பிடும் மர மேஜை, இரும்பு பீரோ, சோபா, ஆன்லைனில் வாங்கிய இரண்டு பார்ட்டிகிள் போர்டு அலமாரிகள் ஆகியவை இருக்கின்றன. பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனம் ஒன்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 62,000 ரூபாய் கேட்கிறது. நண்பர்கள் பைக்கை மட்டும் ரயிலில் போடச் சொல்கிறார்கள். எப்படி முடிவெடுப்பது?

நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருப்பதை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். பைக்குக்கு ஆர்.சி. இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, சேஸிஸ் எண் இருக்கிறது. அது தொலைந்தாலும் உடைந்தாலும் இன்ன பொருள், இன்ன மதிப்பு என்று காகிதம் பேசும். கட்டிலுக்கும் சோபாவுக்கும் அப்படி ஒரு காகிதமும் கிடையாது. ஆகவே இரண்டும் ஒரே வழியில் போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதை அனுப்புவதானாலும், கட்டணத்தைக் கேட்பதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: வேளச்சேரி வாசலிலிருந்து புனே வாசல் வரை அந்தப் பொருள் எத்தனை கை மாறும், ஒவ்வொரு கையிலும் அதற்கு யார் பொறுப்பு? ஓடுகிற லாரியில் அடிபடுவதைவிட, ஏற்றும்போதும் இறக்கும்போதும் சாமான் அடிபடுவதே அதிகம் என்பதை ஏழு மாற்றல்களிலும் கண்டவன் நான்.

முதலில் பைக். ரயிலில் அனுப்ப இரண்டு வழிகள் உள்ளன. நீங்கள் பயணம் செய்யும் ரயிலிலேயே, பயணச்சீட்டைக் காட்டி ‘லக்கேஜ்’ ஆகப் பதிவு செய்யலாம். அல்லது சீட்டு எதுவும் இல்லாமல் ‘பார்சல்’ ஆகப் பதியலாம். படுக்கை வகுப்புப் பயணிக்கு 40 கிலோ வரை இலவசம் என்ற சலுகை பைக்குக்குப் பொருந்தாது என்பதால், எப்படிப் பதிந்தாலும் முழு எடைக்கும் பணம் கட்ட வேண்டும். லக்கேஜ் கட்டணம் பார்சலைவிடக் கூடுதல்தான். ஆனால் நீங்கள் போகும் ரயிலிலேயே வண்டியும் வரும் என்பதால் அந்தக் கூடுதலுக்குப் பொருள் உண்டு. பார்சலாகப் போட்டால், எஸ்.எல்.ஆர். எனப்படும் சாமான் அறை உள்ள பெட்டியில் இடம் கிடைக்கும் நாளில்தான் ஏற்றுவார்கள். அந்தப் பெட்டிகளின் இடத்தை ரயில்வே தனியாருக்குக் குத்தகைக்கும் விடுவதால், பண்டிகை நாட்களில் பைக்குகள் சாக்கு போர்த்திக்கொண்டு நடைமேடையில் நாள்கணக்கில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

புனேவுக்குப் போகிறவருக்கு இதில் ஒரு கூடுதல் கவலை உண்டு. சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயில்கள் குண்டக்கல், வாடி, சோலாப்பூர் வழியாகப் புனேவைத் தொட்டுவிட்டு மேலே போய்விடுகின்றன. வண்டி அங்கே நிற்கிற சில நிமிடங்களில் பைக்கை இறக்காவிட்டால், அது மும்பையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். சென்னை சென்ட்ரலில் புறப்பட்டுப் புது டெல்லியில் முடிகிற தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பைக்கை ஏற்றுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. நீங்கள் லக்கேஜாகப் பதிந்தால், புனே நெருங்கும் முன்பே கதவருகில் நின்று, வண்டி நின்றதும் எஸ்.எல்.ஆர். பெட்டிக்கு நடந்து, ரசீதைக் காட்டி இறக்கச் சொல்லுங்கள். குடும்பத்தையும் பெட்டிகளையும் இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பார்சல் அலுவலக வாசலில் ஒரு காலைப்பொழுது நின்றால் நடைமுறை முழுவதும் விளங்கிவிடும். பைக் வந்ததும் கட்டுகிறவர் முதலில் பெட்ரோல் குழாயை உருவி, மிச்சமிருப்பதைக் கேனில் வடிப்பார். தொட்டியில் பெட்ரோலோடு வண்டியை ஏற்றுவது ரயில்வே சட்டப்படி குற்றம் என்பதால், வீட்டிலிருந்து நிலையம் போய்ச் சேருகிற அளவுக்கு மட்டும் பெட்ரோல் வைத்துக்கொண்டு போவது நல்லது. பிறகு ஹெட்லைட்டுக்கும் தொட்டிக்கும் மேலே வைக்கோலும் அட்டையும் வைத்து, மேலே சாக்கைப் போர்த்தி, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைப்பார். புறப்படும் நிலையம், சேரும் நிலையம், பெயர், கைபேசி எண் ஆகியவற்றைச் சாக்கின் மீதும், கட்டித் தொங்கவிடும் அட்டை மீதும் எழுதுவார்கள். இந்தக் கட்டும் கூலி ரயில்வே கட்டணத்தில் சேராது. பேரம் பேசித்தான் கொடுக்க வேண்டும். ஆர்.சி., காப்பீடு, அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்கள் தேவைப்படும். பக்கவாட்டுக் கண்ணாடிகளைக் கழற்றி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்டில் பூட்டைத் திறந்து வையுங்கள். பூட்டிய ஹேண்டிலோடு உருளாத வண்டியைச் சுமைதூக்குபவர் தரதரவென்று இழுத்துத்தான் ஏற்றுவார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பொறுப்பு யாருடையது என்று கேட்டேன் அல்லவா? மதிப்பை அறிவித்து, அதற்கான சதவீதக் கட்டணத்தைச் செலுத்தாதவரை, ரயில்வேயின் பொறுப்பு பார்சலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய், லக்கேஜுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய் என்ற வரம்புக்கு உட்பட்டது. உங்கள் பைக் 140 கிலோ என்று வைத்துக்கொண்டால், அது முழுதாகத் தொலைந்தாலும் பார்சலில் 7,000 ரூபாய், லக்கேஜில் 14,000 ரூபாய்தான் உச்சவரம்பு. படிவத்தில் மதிப்பு என்ற கட்டத்தைப் பலரும் வெறுமனே விட்டுவிடுகிறார்கள். அப்படி விடுவது எதைக் கைவிடுவது என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

இனி, பலரும் அறியாத செய்தி ஒன்று. உங்கள் பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமல்லாமல் சொந்தச் சேதக் காப்பீடும் நடப்பில் இருந்தால், சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, மின்தூக்கி, விமானம் ஆகியவற்றில் கொண்டுசெல்லப்படும்போது ஏற்படும் இழப்பும் சேதமும் அதிலேயே அடங்கும். பாலிசிப் புத்தகத்தின் முதற்பிரிவில் ‘சொந்தச் சேதம்’ என்ற தலைப்பின்கீழ்த் தீ, திருட்டு, வெள்ளம் என்று வரிசையாகப் போகும் பட்டியலின் கடைசிப் பகுதியில் இது இருக்கும். இழப்பீடு கணக்கிடும்போது ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதியைக் கழித்துக்கொள்வார்கள் என்றாலும், வண்டியே காணாமற்போனால் நீங்கள் கையறு நிலையில் நிற்க வேண்டியதில்லை. ஆகவே அனுப்பும் தேதிக்குள் பாலிசி காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது, எந்தப் பேக்கிங்கையும்விட முக்கியம்.

இப்போது மரச்சாமான். இரண்டு பார்ட்டிகிள் போர்டு அலமாரிகளையும் சென்னையிலேயே விற்றுவிடுங்கள், விலை போகாவிட்டால் கொடுத்துவிடுங்கள். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த அந்தப் பலகையில் ஒரு முறை இறுகிய திருகாணி, கழற்றி மாட்டினால் பழைய பிடிப்போடு உட்காருவதில்லை. முழுதாகத் தூக்கினால் மூலை விரியும். சோபா இடத்தை அடைக்கிற பொருள். லாரிக்காரர் எடையைவிட, எத்தனை அடி இடம் பிடிக்கும் என்பதைத்தான் கணக்குப் பார்க்கிறார் என்பதால், சோபாவுக்கு நீங்கள் கொடுக்கும் வாடகை அதன் இன்றைய மதிப்பை எட்டிவிடக்கூடும். தேக்குக் கட்டில், மேஜை, பீரோ மூன்றும் போகட்டும். கட்டிலும் மேஜையும் கழற்றிப் பூட்டக்கூடியவை; தட்டையாகிவிட்டால் லாரியின் ஒரு பக்கச் சுவரோடு நின்றுவிடும். பீரோவின் தட்டுகளை எடுத்துத் தனியே கட்டி, கதவைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே துணியைத் தவிர வேறொன்றும் வேண்டாம்.

கட்டிலைக் கழற்றும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு மாற்றலில், கட்டிலின் நான்கு நீளமான போல்ட்டுகளையும் ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி ‘சில்லறைச் சாமான்’ பெட்டியில் போட்டுவிட்டேன். கட்டில் வந்தது, பெட்டி வரவில்லை. அந்த மரைக்குப் பொருந்தும் போல்ட் அந்த ஊர்க் கடைகள் எதிலும் கிடைக்காமல், கடைசியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கும்வரை ஒன்பது நாள் தரையில் படுத்தோம். அன்றிலிருந்து போல்ட்டுகளைத் துணிப்பையில் இட்டு, அவை எந்தக் கட்டையில் இருந்தனவோ அந்தக் கட்டையோடேயே கட்டிவிடுவது வழக்கமாயிற்று.

லாரிக்கு வழி சுலபம். சென்னையிலிருந்து வேலூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு, சித்ரதுர்கா, ஹூப்பள்ளி, பெலகாவி, கோலாப்பூர், சாத்தாரா வழியாகப் புனே வரை 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒன்றே ஓடுகிறது. தனி லாரி எடுத்தால் உங்கள் சாமான் வேளச்சேரியில் ஏறிப் புனேயில்தான் இறங்கும். பகிர்வு லாரி என்றால், இங்கே சிறு வண்டியில் ஏறி, கிடங்கில் இறங்கி, பெரிய லாரிக்கு மாறி, அங்கே மீண்டும் கிடங்கில் இறங்கிச் சிறு வண்டியில் வீடு வரும். 62,000 ரூபாய் சொன்னவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: இந்தத் தொகை தனி லாரிக்கா, பகிர்வுக்கா? தனி லாரி என்றால் பைக்கையும் அதிலேயே, மற்றச் சாமானுக்கு முன்னதாக ஓட்டுநர் அறைச் சுவரோடு சேர்த்து நிறுத்திக் கட்டச் சொல்லிவிடலாம், ரயில் தேவையில்லை. பகிர்வு லாரி என்றால் கட்டிலும் மேஜையும் பீரோவும் அதில் வரட்டும். பைக்கை லக்கேஜாகப் பதிந்து உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பட்டியலிலிருந்து அலமாரியும் சோபாவும் கழிந்தபின் மிஞ்சும் சாமானுக்குத் தனி லாரி அதிகம் என்பது என் கருத்து. பட்டியலைக் குறைத்து மறுபடி விலை கேளுங்கள்.

புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அந்த மாதங்களில் போவதானால், மரத்தின் மேல் நேராகப் பிளாஸ்டிக்கைச் சுற்ற விடாதீர்கள். முதலில் பழைய போர்வை, அதன்மேல் அட்டை, கடைசியில்தான் பிளாஸ்டிக். உள்ளே அகப்பட்ட ஈரம் பாலிஷை வெளிறச் செய்துவிடும்.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி: எங்கள் பாட்டி வீட்டுப் பர்மாத் தேக்கு ஊஞ்சல் பலகையும் பித்தளைச் சங்கிலிகளும் பாகப்பிரிவினையில் எனக்கு வந்திருக்கின்றன. நான் குருகிராமில் வாடகைக் குடியிருப்பில் வசிக்கிறேன். கொண்டுபோகலாமா?

அம்மா, லாரியைப் பற்றி யோசிக்கும் முன் கொக்கியைப் பற்றி யோசியுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் ஊஞ்சலுக்கான கொக்கியை வீடு கட்டும்போதே உத்தரத்தில் பதித்துவிடுவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கூரையில் அப்படி எதுவும் இராது. வீட்டுக்காரரின் எழுத்துமூல அனுமதியோடு கான்கிரீட் உத்தரத்தில் துளையிட வேண்டும், அல்லது தரையில் நிற்கும் இரும்புச் சட்டம் ஒன்று செய்துகொள்ள வேண்டும். இரண்டும் ஆகாதென்றால் ஊஞ்சல் அங்கே சுவரோரம் சாய்ந்து நிற்கத்தான் போகிறது; அதற்கு அது காரைக்குடியிலேயே உறவினர் வீட்டில் ஆடிக்கொண்டிருக்கலாம்.

கொண்டுபோவது என்று முடிவானால் பலகையின் எடை உங்களைப் பயமுறுத்த வேண்டாம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலக் கனம் உள்ள தேக்குப் பலகை ஏறத்தாழ 36 கிலோ இருக்கும். இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஆனால் ரயிலில் லக்கேஜாகக் கொண்டுபோக அது உகந்ததல்ல. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் உயரம் என்ற அளவைத் தாண்டிய பொருளுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு என்பதோடு, எஸ்.எல்.ஆர். பெட்டியில் அதன்மேல் என்னென்ன மூட்டைகள் ஏறும் என்பது யார் கையிலும் இல்லை. லாரியில் அனுப்புங்கள், பலகையைப் படுக்கவைத்து அதன்மேல் சாமான் அடுக்க விடாமல், நீள விளிம்பில் நிறுத்தி, இரண்டு மெத்தைகளுக்கு நடுவே கட்டச் சொல்லுங்கள். சங்கிலிகளைக் கண்ணி கண்ணியாகத் துணியில் சுற்றி உங்கள் பெட்டியில் கொண்டுபோங்கள். பழைய பித்தளைக்கு இன்று நல்ல விலை இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியமில்லை.

போய்ச் சேர்ந்த பின்னும் ஒரு கவனம் வேண்டும். மரம் நார் ஓடும் திசையில் சுருங்குவது மிகக் குறைவு. அதற்குக் குறுக்கேதான் சுருங்கும். கோடையில் வறண்ட காற்று வீசும் குருகிராமில், ஈரக்காற்றிலேயே தலைமுறைகளாக இருந்த பலகை அகலவாட்டில் சற்று ஒடுங்கக்கூடும். தேக்கு இந்த விஷயத்தில் மற்ற மரங்களைவிடப் பொறுமையுள்ளது என்றாலும், முதல் ஆண்டு குளிரூட்டியின் காற்றும் குளிர்கால ஹீட்டரின் வெப்பமும் நேராகப் படாத இடத்தில் வையுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: அகமதாபாத்துக்குச் சாமான் அனுப்ப நிறுவனம் ஒன்று கொடுத்த மதிப்பீட்டில் வாடகை, பேக்கிங் தவிர, ‘டிரான்ஸிட் இன்சூரன்ஸ் 3 சதவீதம்’, ‘ஈ-வே பில் செலவு’, ‘ஆக்ட்ராய்’ என்று மூன்று வரிகள் இருக்கின்றன. இவை நியாயமானவையா?

பின்னிரண்டு வரிகளையும் பேனாவால் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். பயன்படுத்திய சொந்த உபயோகப் பொருள்களுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் ஈ-வே பில் என்கிற மின்னணுச் சரக்குச் சீட்டு தேவையில்லை என்று ஜி.எஸ்.டி. விதிகளிலேயே விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. ஆக்ட்ராய் என்ற நுழைவுச் சுங்கம், 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அதில் கரைந்துபோனது. இவற்றை இன்னும் மதிப்பீட்டில் எழுதுகிற நிறுவனம், பழைய படிவத்தை மாற்றாத சோம்பேறியாக இருக்கலாம். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்ததாகவும் இருக்கலாம். இரண்டுமே நம்பிக்கையூட்டுவதில்லை.

முதல் வரிதான் ஆழமானது. ‘இன்சூரன்ஸ்’ என்று பில்லில் வாங்கும் தொகை உண்மையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறதா என்று கேளுங்கள். போகிறதென்றால், உங்கள் பெயரும் பொருள்பட்டியலும் மதிப்பும் அடங்கிய சான்றிதழைச் சாமான் ஏறும் முன்னரே காட்டச் சொல்லுங்கள். உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீட்டில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. சி என்பது தீக்கும் மின்னலுக்கும் மட்டும்; பி என்பதில் மோதல், கவிழ்தல், ரயில் தடம்புரளுதல், பாலம் இடிதல் போன்றவை சேரும்; ஏ வகைதான் வழியில் நேரும் பெரும்பாலான இழப்புகளுக்கு இடம் தருவது. மேஜைக் கண்ணாடி ஏற்றும்போது உடைந்தால் பி வகை கைகொடுக்காது. சான்றிதழ் எதுவும் இல்லை, ‘எங்கள் பொறுப்பு சார்’ என்று வாய்வார்த்தைதான் என்றால், அது காப்பீடு ஆகாது. அந்த 3 சதவீதத்தைச் சேமித்து, நல்ல அட்டைப் பெட்டிகள் வாங்கிவிடலாம்.

மதிப்பீட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன்கீழ் 2011இல் வந்த விதிகளும், அதிக மதிப்பை அறிவிக்காதபோது சரக்குக்காரரின் பொறுப்பை வாடகையின் பத்து மடங்கு என்று வரையறுக்கின்றன. உங்கள் பில் 45,000 ரூபாயாக இருந்து, அதில் வாடகை 12,000 என்றும் மற்றதெல்லாம் பேக்கிங், கூலி என்றும் பிரிக்கப்பட்டிருந்தால், அந்தப் பத்து மடங்கு 12,000த்திலிருந்துதான் கணக்காகும். பல நிறுவனங்களுக்குச் சொந்த லாரி கிடையாது. உங்களிடம் பேசியவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர் என்றிருக்கும். எனவே எல்.ஆர். என்கிற சரக்கு ரசீது யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். அதில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். 33 என்றால் தமிழ்நாட்டில் பதிவானது. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் உரிமையாளரின் பெயர் தெரிந்துவிடும். பில்லில் உள்ள பெயரும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால் வேறு ஆளைத் தேடுங்கள். முன்பணம் சிறிதாகவும், பெரும்பகுதி சாமான் வந்து சேர்ந்தபின் என்றும் எழுதி வாங்குங்கள். பாதி வழியில் லாரியை நிறுத்திக்கொண்டு ‘இன்னும் பத்தாயிரம் போட்டால்தான் இறக்குவோம்’ என்று போன் வருவது, முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்தவர்களுக்கும், எதையும் எழுதி வாங்காதவர்களுக்கும்தான்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: பத்து மாதப் பயிற்சிக்காக ஹைதராபாத் போகிறேன். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட என் பைக்கைக் கொண்டுபோனால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குத்தான் புதிய பதிவெண் பெற வேண்டும். போக்குவரத்துக் காவலர் நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு, பைக்கை அனுப்பிய ரயில்வே ரசீதையோ லாரி ரசீதையோ பத்திரமாக வைத்திருங்கள். எந்தத் தேதியில் வண்டி அந்த மாநிலத்துக்குள் வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

பயிற்சி நீளக்கூடும் என்ற எண்ணம் இருந்தால், ஒரு வேலையை மதுரையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மறுபதிவுக்கு முதற்படியான தடையில்லாச் சான்றுக்குரிய 28ஆம் எண் படிவத்தில், சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு ஒட்ட வேண்டும். வண்டி கைவசம் இருக்கும்போது மெல்லிய தாளை வைத்துத் தேய்த்து இரண்டு மூன்று பிரதிகள் எடுத்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை. வண்டி மீது வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். மறுபதிவில் அந்த மாநிலத்தின் வரியைக் கட்டிய பிறகு, இங்கே கட்டிய ஆயுள் வரியில் எஞ்சிய காலத்துக்கானதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அது உடனே வரும் என்று எதிர்பார்த்துச் செலவுத் திட்டம் போட வேண்டாம்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: நாக்பூருக்கு என் பைக்கை நானே ஓட்டிக்கொண்டு போனால் என்ன?

44ஆம் எண் நெடுஞ்சாலை உங்கள் ஊரைத் தொட்டுப் பெங்களூரு, ஹைதராபாத் வழியாக நேராக நாக்பூருக்குப் போகிறது. 1,200 கிலோமீட்டருக்கு மேல். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் இல்லை. மூன்று நாள், இரண்டு இரவு என்று பிரித்து, பகலில் மட்டும் ஓட்டக்கூடியவருக்கு இது நல்ல வழிதான். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் வேண்டாம். தெலங்கானாவையும் விதர்பாவையும் அந்த வெயிலில் பைக்கில் கடப்பதைவிட, ரயிலுக்குக் கட்டும் பணம் குறைந்த செலவு.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி: சூரத்திலிருந்து வந்த எங்கள் சாமானில் சாப்பாட்டு மேஜையின் இரண்டு கால்கள் பிளந்திருக்கின்றன. இரவு பதினொரு மணிக்கு வந்ததால் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டோம். இப்போது நிறுவனம் கையெழுத்தைக் காட்டி மறுக்கிறது. ஏதேனும் வழி உண்டா?

உண்டு. கையெழுத்துப் போட்டதால் உங்கள் வாதம் பலவீனமாகும், உரிமை பறிபோகாது. சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, புக்கிங் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் இழப்பைப் பற்றி எழுத்துமூல அறிவிப்புக் கொடுத்தால்தான் பிறகு வழக்குத் தொடர முடியும். அதனால் முதலில் நாளைக் காலையே, பிளந்த கால்களின் படங்கள், அவற்றைச் சுற்றியிருந்த அட்டை, எல்.ஆர். நகல் ஆகியவற்றோடு ஒப்படைத்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அறிவிப்பு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பேசியது போதும் என்று இருந்துவிடாதீர்கள். ரயிலில் வந்த பொருளாக இருந்திருந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ரயில்வேக்கு இதுபோன்ற அறிவிப்புக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனுச் செய்ய இடம் தருகிறது; சூரத்துக்குப் போக வேண்டியதில்லை. இரண்டாண்டு அவகாசம் உண்டு. மேஜையை அதற்குள் ஆசாரியிடம் கொடுத்துச் சீராக்கிவிட்டால், செலவு ரசீதையும் அவர் மாற்றிய பழைய கால்களையும் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருங்கள்.

அடுத்த முறை, எந்த நேரத்தில் லாரி வந்தாலும், ரசீதின் இரு பிரதிகளிலும் ‘பிரித்துப் பார்க்கவில்லை, பார்த்தபின் தெரிவிக்கப்படும்’ என்று ஒரு வரி எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். ஓட்டுநர் முணுமுணுப்பார், முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போவார்.